பின்பக்கம் ஒரு துளை: பழைய ரிவால்வர் சொல்லும் அறிவியல்

சென்ற மாதம் படிவம் 4 வேதியியல் வகுப்பில் உலோகக் கலவைப் பாடம் நடந்துகொண்டிருந்தது. மலாய்ப் பாடநூலில் ‘லோயாங்’ என்று வரும் பித்தளைக்கு எடுத்துக்காட்டு கேட்டேன். குத்துவிளக்கு, தண்ணீர்க் குழாய், பூட்டு என்று பதில்கள் வந்தன. கடைசி வரிசையிலிருந்து ஒருவன், “கௌபாய் படத்துத் தோட்டா, சார்” என்றான். அப்பாவோடு உட்கார்ந்து ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’ என்ற பழைய படத்தைப் பார்த்திருக்கிறான்.

“சரியான எடுத்துக்காட்டு. ஆனால் அந்தப் படத்தில் அந்தத் தோட்டா இருந்திருக்கவே கூடாது” என்றேன். தூங்கி வழிந்த இரண்டு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

படம் வெளிவந்தது 1966இல். கதை நடப்பதோ 1862இல், அமெரிக்க உள்நாட்டுப் போரின் நடுவில். கதாநாயகன் வைத்திருப்பது கோல்ட் நிறுவனத்தின் ‘1851 நேவி’ ரிவால்வர். துப்பாக்கி அந்தக் காலத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் படத்தில் காட்டப்படுவது, உலோகத் தோட்டா போடும்படி பின்பகுதி மாற்றப்பட்ட ஒன்று. கோல்ட் நிறுவனம் அப்படி மாற்றத் தொடங்கியது 1870ஐ ஒட்டித்தான். போர் 1865லேயே முடிந்துவிட்டது.

இப்படி மாற்றப்பட்ட ராணுவ ரிவால்வர்களைத் தேடிச் சேர்ப்பவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். தபால்தலை சேர்ப்பவர் அச்சுப் பிழையைத் தேடுவதுபோல, இவர்கள் அரம் தேய்த்த தடத்தையும் இரண்டாம் முறை குத்திய எண்ணையும் தேடுகிறார்கள். எந்தப் பகுதி பழையது, எது பின்னால் வந்தது, யார் மாற்றியது, எப்போது மாற்றியது? இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்ல, நீங்கள் வகுப்பில் படிக்கும் வேதியியலும் இயற்பியலும் போதும். இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்க மத்திய அரசின் சட்டம் 1898ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ செய்யப்பட்ட துப்பாக்கிகளைப் ‘பழம்பொருள்’ என்று தனியாக வைத்திருக்கிறது. அங்கே இது பொழுதுபோக்காக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். மலேசியாவில் 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் மிகக் கடுமையானது. தாத்தா வீட்டுப் பரணில் பழைய துப்பாக்கி எதையாவது கண்டால் தொடாதீர்கள். பெரியவர்களிடம் சொல்லிப் போலீசுக்குத் தெரிவியுங்கள். பழைய வெடிமருந்துக்கு வயதானாலும் குணம் மாறாது.

கேப் வெடியும் கருமருந்தும்

தீபாவளிக்கு விளையாட்டுத் துப்பாக்கியில் கேப் வைத்து அடித்திருப்பீர்கள். தட்டினால் வெடிக்கும், நெருப்பு வைக்கவே வேண்டாம். 1850களின் ராணுவ ரிவால்வர் வேலை செய்ததும் இதே முறையில்தான், மருந்துதான் வேறு. 1800இல் எட்வர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கில வேதியியலாளர் பாதரச ஃபல்மினேட் என்ற சேர்மத்தைப் பற்றி எழுதினார். அடித்தாலே வெடிக்கும் பொருள் அது. 1807இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஃபோர்சைத் என்ற பாதிரியார், இத்தகைய தட்டினால் வெடிக்கும் மருந்தைக் கொண்டு துப்பாக்கியைப் பற்றவைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அவருக்கு வாத்து வேட்டை பிடிக்கும். பழைய துப்பாக்கியில் சிக்கிமுக்கிக் கல்லின் பொறியைப் பார்த்தவுடன் பறவை பறந்துவிடுமாம்! பிறகு, அந்த மருந்தைச் சின்னச் செம்புத் தொப்பிக்குள் வைக்கும் வழக்கம் வந்தது. அதுதான் கேப்.

ரிவால்வரின் நடுவில் சுழலும் உருளையில் பொதுவாக ஆறு அறைகள் இருக்கும். ஒவ்வோர் அறையும் முன்பக்கம் திறந்தும், பின்பக்கம் மூடியும் இருக்கும். மூடிய பின்பக்கத்தில் ஊசித் துளையுள்ள சிறு குமிழ் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். சிப்பாய் முன்பக்கமாகக் கருமருந்தைப் போடுவார், அதன்மேல் ஈயக் குண்டை வைப்பார், குழலுக்குக் கீழே இருக்கும் நெம்புகோலால் இறுக்குவார். பிறகு பின்னால் திருப்பி, ஒவ்வொரு குமிழின்மேலும் ஒரு கேப்பை மாட்டுவார். இதை ஆறு முறை செய்ய வேண்டும், சில நேரம் குதிரைமேல் உட்கார்ந்தபடியே. மருந்தையும் குண்டையும் காகிதத்தில் சேர்த்துச் சுற்றிய பொட்டலங்கள் இருந்தன. அவை வேலையைக் கொஞ்சம் குறைத்தன. ஆனால் காகிதம் காகிதம்தானே. மழையில் நனைந்தால் எல்லாம் வீண்.

வேதியியல் படிப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் திண்மக் கழிவாகவே மிஞ்சும். அதில் பொட்டாசியம் கார்பனேட், பொட்டாசியம் சல்பேட் போன்ற உப்புகள் இருக்கும். பொட்டாசியம் கார்பனேட் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரமும் உப்பும் இரும்பும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். சுத்தம் செய்யாமல் விட்ட துப்பாக்கி விரைவில் துருப்பிடிக்கும். இன்று அருங்காட்சியகத்தில் இருக்கும் பல ரிவால்வர்களில் குமிழ்களைச் சுற்றி மட்டும் சிறு குழிகள் தெரிவதற்குக் காரணம் இதுதான். எரிந்த கேப்பின் கழிவு முதலில் தெறித்து விழுவது அங்கேதான்.

ஒரு துளைக்காக 14 ஆண்டுகள்

மருந்து, குண்டு, கேப் மூன்றையும் ஒரே உலோகக் கூட்டுக்குள் வைத்தால் என்ன? அதுதான் தோட்டா. அதைப் பின்பக்கமாகப் போட வேண்டுமானால், அறையின் மூடிய பின்பக்கத்தைத் திறக்க வேண்டும். உருளையை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நேராகத் துளைக்க வேண்டும். கேட்டால் எளிமையாக இருக்கிறது, இல்லையா? அந்தத் துளைக்கு 1855 ஏப்ரல் 3ஆம் தேதி ரோலின் வைட் என்பவர் காப்புரிமை வாங்கிவிட்டார்.

அவர் அதை ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனத்துக்குக் கொடுத்தார். ஒரு ரிவால்வருக்கு 25 காசு அவருக்கு. ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு கொக்கி இருந்தது: யாராவது காப்புரிமையை மீறினால் வழக்கு நடத்த வேண்டியவர் வைட்தான். அவர் வாழ்க்கையில் பெரும்பகுதி நீதிமன்றத்தில் கழிந்தது.

உள்நாட்டுப் போர் நடந்த நான்கு ஆண்டுகளும் இந்தக் காப்புரிமைக் காலத்துக்குள் விழுந்தன. அரசு லட்சத்துக்கும் மேற்பட்ட கோல்ட் 1860 ஆர்மி ரிவால்வர்களை வாங்கியது. ரெமிங்டன் ரிவால்வர்களும் ஏறக்குறைய அதே அளவு. இரண்டும் கேப் முறையில் இயங்குபவை. உரிமை வைத்திருந்த நிறுவனமோ .22, .32 என்ற சின்ன அளவுகளில்தான் தோட்டா ரிவால்வர் செய்துகொண்டிருந்தது. அவை சட்டைப் பைக்குப் பொருத்தமானவை, குதிரைப்படைக்கு அல்ல. தீர்வு கண்முன்னே இருந்தும் சிப்பாய்கள் மழையில் காகிதப் பொட்டலம் கிழித்தார்கள். கண்டுபிடித்தவருக்குக் காப்புரிமை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பயன்படுத்தாமல் பூட்டி வைக்கப்படும் காப்புரிமை வேறு வகை. வகுப்பில் விவாதிக்க நல்ல தலைப்பு இது.

காப்புரிமை 1869இல் முடிந்தது. வைட் நீட்டிப்புக் கேட்டார். நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டது, ஆனால் அதிபர் யுலிசஸ் கிராண்ட் 1870 ஜனவரியில் அந்த மசோதாவைத் திருப்பி அனுப்பினார். அவரே அந்தப் போரை நடத்திய தளபதி. இந்தக் காப்புரிமையால் போர்க்காலத்தில் அரசு பட்ட சிரமம் போதும் என்று ராணுவத் தளவாடத் துறையும் அவருக்குச் சொல்லியிருந்தது.

காப்புரிமை முடியும் முன்பே சிலர் சுற்றுவழி பார்த்தார்கள். கோல்ட் நிறுவனத்தில் அலெக்சாண்டர் தூயர் என்பவர், முன்பக்கமாகவே நுழைக்கக்கூடிய, பின்னால் குறுகலான தோட்டாவுக்கு 1868இல் காப்புரிமை பெற்றார். கெட்டிக்காரத்தனமான யோசனை, சந்தையில் எடுபடவில்லை. ரெமிங்டன் நிறுவனமோ அதே 1868இல் உரிமைத்தொகை கட்டிவிட்டு நேர்வழியில் மாற்றியது. அதில் ஒரு வேடிக்கை: ஆறு அறை ரிவால்வர் மாற்றத்துக்குப் பிறகு ஐந்து அறை ஆகிவிட்டது. ஏன்?

கணிதம் தெரிந்தவர்கள் வரைந்து பாருங்கள். ஒரு வட்டத்தின்மேல் ஆறு புள்ளிகளைச் சம இடைவெளியில் வைத்தால், அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையிலான தூரம் வட்டத்தின் ஆரத்துக்குச் சரியாகச் சமம். ஐந்து புள்ளிகளை வைத்தால் அது ஆரத்தைப்போல் ஏறத்தாழ 1.18 மடங்கு. .46 அங்குலத் தோட்டாவின் அடியில் அகன்ற விளிம்பு உண்டு. ஆறு விளிம்புகளுக்கு உருளையில் இடம் போதவில்லை. ஐந்துக்குப் போதுமானதாக இருந்தது.

ராணுவத்துக்காகக் கோல்ட் செய்த மாற்றம் 1871இல் தொடங்கியது. அதை வடிவமைத்தவர் சார்ல்ஸ் ரிச்சர்ட்ஸ். உருளையின் பின்பகுதியைக் குமிழ்களோடு சேர்த்து வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு வட்டத் தகட்டைப் பொருத்தினார். தோட்டா போடுவதற்கு அதில் ஒரு சின்னக் கதவு. தோட்டாவின் அடியைக் குத்தும் ஊசியும் அதிலேயே. நெம்புகோல் இனி தேவையில்லை. அதை எடுத்துவிட்டு, காலிக் கூட்டை வெளியே தள்ளும் கம்பியை வைத்தார்கள். நெம்புகோல் ஓடிய வழியை உலோகத்தால் அடைத்தார்கள். பின்னர் வில்லியம் மேசன் இதை இன்னும் எளிமையாக்கினார். அவர் முறையில் ஊசி தகட்டில் இல்லை, சுத்தியிலேயே இருக்கிறது.

ராணுவம் மாற்றக் கொடுத்தவை சுமார் 1,200 மட்டுமே. 1873இல் முழுக்கப் புதிய கோல்ட் ரிவால்வர் வந்துவிட்டது. மாற்று வேலைக்கு அவசியம் போயிற்று. இடைப்பட்ட இரண்டு மூன்று ஆண்டுகளின் சாட்சியம் அந்த 1,200தான். சேகரிப்பவர்கள் இவற்றைத் தேடி அலைவதற்கும், போலி செய்பவர்கள் இவற்றைக் குறிவைப்பதற்கும் காரணம் ஒன்றே.

பித்தளை ஏன்?

தோட்டாக் கூடு இரண்டு எதிரெதிர் வேலைகளைச் செய்ய வேண்டும். மருந்து எரியும்போது உள்ளே அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போலச் சில நூறு மடங்கு உயர்கிறது. அந்த நொடியில் கூடு விரிந்து அறைச் சுவரோடு ஒட்டிக்கொண்டால்தான் சூடான வாயு பின்னால் கசியாது. ஆனால் அழுத்தம் குறைந்த மறுகணம் அது சற்றே சுருங்க வேண்டும். இல்லையென்றால் அறைக்குள் சிக்கிக்கொள்ளும். இதற்கு வளையவும் வேண்டும், மீளவும் வேண்டும். அமெரிக்க ராணுவம் முதலில் செம்புக் கூடுகளைச் செய்தது. செம்பு மென்மையானது, விரிந்தால் விரிந்தபடியே நின்றுவிடும் குணம் அதிகம். 70 விழுக்காடு செம்பும் 30 விழுக்காடு துத்தநாகமும் சேர்ந்த பித்தளையில், அளவில் வேறுபட்ட துத்தநாக அணுக்கள் செம்பு அணு அடுக்குகள் வழுக்குவதைத் தடுக்கின்றன. அதனால் வலிமை கூடுகிறது, மீள்தன்மையும் நன்றாக இருக்கிறது. பாடநூலில் நீங்கள் வரையும் அந்த வட்ட வட்டப் படம்தான் இது!

பித்தளைக்கும் ஒரு பகை உண்டு. பிரிட்டிஷ் இந்தியாவில் ராணுவக் கிடங்குகளில் இருந்த தோட்டாக்கள், யாரும் தொடாமலேயே, மழைக்காலத்தில் விரிசல் விட்டன. குதிரை லாயங்களுக்கு அருகில் வைத்தவைதான் அதிகம் பாதிக்கப்பட்டன. பருவத்தில் வந்ததால் அதற்குப் ‘பருவ விரிசல்’ என்றே பெயர். 1921இல்தான் காரணம் தெளிவாக விளக்கப்பட்டது. குதிரைச் சிறுநீரிலிருந்து வரும் அமோனியா, மழைக்கால ஈரம், கூட்டை அடித்து இழுத்து வடிவமைத்தபோது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இறுக்கம் மூன்றும் சேர்ந்தால் பித்தளை பிளக்கும். மிதமாகச் சூடாக்கி அந்த இறுக்கத்தைத் தளர்த்தினால் சிக்கல் தீர்ந்தது. நம்மைப் போன்ற ஈரமான நாட்டில் பித்தளைப் பொருளைக் கழிவறைக்குப் பக்கத்தில் வைக்காதே என்று என் பாட்டி சொல்வார். அவர் சொன்ன காரணம் வேறு. அறிவுரை என்னவோ சரி.

தோட்டா விட்டுச்சென்ற ஒரு புதிரையும் சொல்லிவிடுகிறேன். கடற்படையின் .36 அங்குல ரிவால்வர்களும் 1870களின் தொடக்கத்தில் மாற்றப்பட்டன. ஆனால் அவற்றுக்கான தோட்டாவின் பெயர் .38. குழல் அதே குழல்தான், எண் மட்டும் எப்படிக் கூடியது? குழலுக்குள் சுருள் பள்ளங்கள் உண்டு. .36 என்பது மேடுகளுக்கு இடையே அளந்தது. பள்ளங்களையும் நிரப்ப குண்டு .375 அங்குலம் இருக்க வேண்டும். உருளையும் நேராகத் துளைக்கப்பட்டதால், குண்டும் கூடும் வெளியே ஒரே தடிமனாக இருந்தன. குண்டின் அடிப்பகுதியை மட்டும் மெலிதாக்கிக் கூட்டுக்குள் செருகினார்கள். கூட்டின் வெளிவிட்டம் ஏறக்குறைய .38. அந்தப் பெயர் நிலைத்தது. பிற்காலத்தில் குண்டு முழுவதும் கூட்டுக்கு உள்ளே போனபோது அதன் விட்டம் .357ஆகச் சுருங்கியது, பெயர் மாறவில்லை. இன்றும் ‘.38’ என்று எழுதிய தோட்டாவின் குண்டை அளந்தால் .38 வராது.

உண்மையா, போலியா?

மாற்றப்படாத கோல்ட் 1860 ரிவால்வர்கள் ஏராளம். மொத்தம் சுமார் இரண்டு லட்சம் செய்யப்பட்டன. அவற்றில் ஒன்றை வாங்கி, இன்றைய பட்டறையில் பின்பகுதியை வெட்டி, “1871 ராணுவ மாற்றம்” என்று விற்றால் லாபம். இதைப் பிடிப்பது எப்படி?

முதலில் எண்கள். ராணுவத்துக்காக மாற்றப்பட்டவற்றில் பழைய வரிசை எண்ணோடு, மாற்றியபோது குத்திய இரண்டாவது எண்ணும் இருக்கும். மரக் கைப்பிடியில் அரசு ஆய்வாளரின் முத்திரை இருக்கும். அவை ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். யாராவது பழைய எண்ணை அரத்தால் தேய்த்துவிட்டுப் புதிதாகக் குத்தினால்? அங்கேதான் இயற்பியல் வருகிறது. எண்ணைக் குத்தும்போது கண்ணுக்குத் தெரியும் பள்ளத்துக்குக் கீழேயும் உலோகப் படிகங்கள் நசுங்குகின்றன. மேற்பரப்பைத் தேய்த்தாலும் அந்த நசுங்கல் இருக்கும். நசுங்கிய பகுதியும் நசுங்காத பகுதியும் அமிலத்தில் வேறு வேறு வேகத்தில் அரிபடும். தடயவியல் ஆய்வகத்தில் அமிலம் தடவினால், அழிந்த எண் மங்கலாகத் திரும்பி வரும்.

அடுத்தது உலோகம். எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, திரும்பி வரும் கதிரின் ஆற்றலை அளந்தால், எந்தெந்தத் தனிமங்கள் இருக்கின்றன என்று பொருளைக் கீறாமலே தெரிந்துகொள்ளலாம். அந்தக் கருவி இப்போது கையில் பிடிக்கும் அளவுக்கு வந்துவிட்டது. 1871இல் பொருத்தியதாகச் சொல்லும் தகட்டில் குரோமியமும் மாலிப்டினமும் கலந்திருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. அது இருபதாம் நூற்றாண்டு எஃகு. இத்தாலியில் 1950களின் இறுதி முதல் நல்ல நகல் துப்பாக்கிகள் செய்கிறார்கள். அவர்கள் ஏமாற்றுவதில்லை, தங்கள் நாட்டுச் சோதனை முத்திரையைக் குத்தித்தான் விற்கிறார்கள். அந்த முத்திரையைத் தேய்த்து எடுப்பவர் வேறொருவர்.

மூன்றாவது, மேற்பரப்பு. துப்பாக்கியின் நீலக் கருமை சாயம் அல்ல. அது கட்டுப்படுத்தி உருவாக்கிய இரும்பு ஆக்சைடுப் படலம். அது 150 ஆண்டுகளில் உறையில் உரசி விளிம்புகளில் தேய்ந்து, இடையிடையே பழுப்பாகியிருக்கும். வெட்டிய விளிம்பும் பக்கத்துப் பரப்பும் ஒரே அளவு தேய்ந்திருந்தால் மாற்றம் பழையது. சுற்றிலும் பழுப்பேறி, வெட்டிய முகம் மட்டும் கூர்மையாகவும் பளபளப்பாகவும் இருந்தால் சந்தேகம்தான். சேகரிப்பவர்கள் உருப்பெருக்கியோடு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பது இதைப் பார்க்கத்தான்.

அதனால்தான் பழம்பொருளை மினுக்கக் கூடாது என்று அவர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். இதை நான் பட்டுத்தான் கற்றேன். எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது தாத்தா ஒரு நாணயம் கொடுத்தார்: நீரிணைக் குடியேற்றக் காலத்து ஒரு காசு, 1920, சதுர வடிவம். கறுத்துக் கிடந்தது. பாட்டி செம்புக் குடத்துக்குச் செய்வதுபோல் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தேன். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் ஆக்சைடைக் கரைத்தது. காசு புதுப் பொன்போல் மின்னியது. பெருமையாகப் பழைய காசுக் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் உருப்பெருக்கி வைத்து ஒரு முறை பார்த்தார். “தம்பி, இதைக் கழுவியது யார்?” என்று மட்டும் கேட்டுவிட்டுத் திருப்பித் தந்தார். அந்தக் காசு இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. மறுபடி கறுத்துவிட்டது, ஆனால் அது புதுக் கறுப்பு.

இதையெல்லாம் வகுப்பில் சொல்லி முடித்த மறுவாரம், அந்தப் பையன் படத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டு வந்தான். ஒவ்வொரு ரிவால்வர் தெரியும்போதும் நிறுத்தி, உருளையின் பின்பக்கத்தில் குமிழ் இருக்கிறதா, தகடு இருக்கிறதா என்று நோட்டில் குறித்திருந்தான். அவன் அப்பா எரிச்சலோடு எழுந்து போய்விட்டாராம்.